புகை வந்தால் கிட்டே போகாதீர்கள்

“தீ! மலையில தீ!” என்று கத்திக்கொண்டு நான் பெரிய தெருவில் ஓடினேன். தெரு மொத்தமும் எழுந்து நின்று கும்பிட்டது.

என்னை அல்ல. என் மதிப்பு எந்தக் காலத்திலும் அந்த அளவுக்கு உயர்ந்ததில்லை. எனக்குப் பின்னால், மலையின் வடக்குச் சரிவிலிருந்து கிளம்பிய புகை அதன் தோளைத் தாண்டி ஊருக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. புகைக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு. பகல் இரண்டு மணி வெயிலிலும் கண்ணுக்குத் தெரிகிற தீ என்றால் அது எவ்வளவு பெரிய தீ என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மளிகைக் கடைக்காரர் இறங்கி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாத்திரக் கடையில் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். வேலூர் பஸ் நின்றது. கண்டக்டர் விசில் ஊதி, “மலையப் பாக்கறவங்க பாத்துக்குங்க, அஞ்சே நிமிஷம்” என்றார். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“அரோகரா!”

“யோவ், அது காட்டுத் தீய்யா! நட்ட கன்னுங்க எல்லாம் எரியுதுய்யா! தீய அடிக்க சாக்கு எடுத்துகினு வாங்கய்யா!”

“அரோகரா!”

பூக்கடை ராஜம்மா கற்பூரமே ஏற்றிவிட்டாள். “ஏன் வாத்தியாரே இப்படிக் கத்தறீங்க? சாமி வெளிய வந்து நிக்குது. நீங்களும் நின்னு ஒரு கும்புடு போடுங்க” என்றாள்.

என் ஒரு கால் செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. தார் ரோடு கொதித்தது. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே அந்தத் தெருவைப் பார்த்தேன். அத்தனை கைகள். ஒரு கை சாக்கைப் பிடித்திருந்தால் போதும். எல்லாக் கைகளும் குவிந்திருந்தன.

போன வாரம் நான் பெண் பார்க்கப் போய் வேறு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்ட கதையைப் படித்த வாசகர் ஒருவர், “எல்லாவற்றுக்கும் சிரிக்கிறீர்களே, உங்களுக்குக் கோபமே வராதா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். வரும் ஐயா. இந்த வாரம் அதுதான்.

இரண்டு மொட்டைகள்

எழுபதுகளில் நான் திருவண்ணாமலைக்குப் பூகோள வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தபோது எனக்கும் மலைக்கும் ஒரே சமயத்தில் முடி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஏன் கொட்டியது என்று டாக்டருக்கே தெரியவில்லை. மலைக்கு ஏன் என்று ஊருக்கே தெரியும். விறகு.

ஓட்டல் அடுப்புக்கு, செங்கல் சூளைக்கு, வீட்டு அடுப்புக்கு என்று மரம் போனது. பிறகு புதர் போனது. அதற்கப்புறம் வேரையும் தோண்டி எடுத்துக் காயவைத்தார்கள். கடைசியில் மிஞ்சியது கல்லும் மஞ்சம்புல்லும். கூரை வேய அந்தப் புல்லையும் அறுத்தார்கள். அறுத்தது போக மீதியைக் கோடையில் கொளுத்துவார்கள். பழைய புல் எரிந்தால்தான் முதல் மழைக்கு இளம்புல் வரும், மாடு மேயும் என்பது கணக்கு. ஆக, பங்குனி சித்திரை வந்தால் மலை எரியும்.

மலை எரிந்தால் ஊர் கும்பிடும்.

கார்த்திகையில் உச்சியில் கொப்பரை வைத்து ஏற்றுகிற தீபத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்த கை அது. மலையே நெருப்பின் வடிவம் என்று கேட்டு வளர்ந்த காது. மேலே எது சிவப்பாகத் தெரிந்தாலும் கை தானாகக் குவியும். யாராவது உச்சியில் பீடி பற்ற வைத்தாலும் கீழே அரோகரா போடுவார்கள் என்று ஆசிரியர் அறையில் கிண்டல் செய்வேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

என் கிண்டலைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நான் கிளப்பிவிட்ட எரிமலை

பாடப் புத்தகத்தில் எரிமலைக்கு ஒரே ஒரு பக்கம். ஜப்பானில் ஒரு படம், இத்தாலியில் ஒரு படம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாடத்தை எடுத்தால் வகுப்பு தூங்கிவிடும். ஒருநாள் எரிச்சலில் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினேன். “அதோ பாருங்கடா, நம்ம மலை. அதுவும் எரிமலைதான். செத்துப்போன எரிமலை.”

அறுபது பையன்களும் விழித்துக்கொண்டார்கள். ஒரு வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய போதை கிடையாது.

எனக்கு அதை யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களும் சொன்னார்கள். நாம் சொன்னால் புராணம், வெள்ளைக்காரன் சொன்னால் பூகோளம். நான் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் அதையே நடத்தினேன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் முனுசாமிக்கு ஊர் அடி அண்ணாமலை. மலையைச் சுற்றிப் போகிற பாதையில் மறுபக்கம் இருக்கிற கிராமம். ஒரு மாட்டுப் பொங்கலுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்து டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் கோவிந்தன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார்.

“ஏன் சார், நம்ம மலை எரிமலையாமே? பசங்க சொல்றானுங்க. நெஜமா?”

பெஞ்சில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் திரும்பினார்கள். அத்தனை முகங்கள் என் பக்கம் திரும்பினால் என் நாக்கு என்னிடம் அனுமதி கேட்பதில்லை.

“செத்துப்போச்சுன்னுதான் புஸ்தகத்துல போட்டிருக்கான். ஆனா எரிமலை எங்க மாமனார் மாதிரி. செத்த மாதிரி படுத்துக்கினே இருக்கும். திடீர்னு எழுந்து காபி கேக்கும்.”

கடை சிரித்தது.

“எழுந்துக்கப் போவுதுன்னு எப்படி சார் தெரியும்?”

“மொதல்ல புகை வரும். குபுகுபுன்னு வரும். புகை வந்தா யாரும் கிட்ட போவாதீங்க. உள்ள குழம்பு கொதிக்குதுன்னு அர்த்தம். அடுத்தது டமார்! உங்க ஊருக் கல்லு செங்கத்துல போய் விழும்.”

“செங்கத்துலதான் சார் எம் பொண்ணக் குடுத்திருக்கேன்” என்றார் ஒருவர், நிஜமான கவலையோடு.

“அப்ப மொதல்ல ஒரு கடுதாசி போட்டுடுங்க.”

பெஞ்சு குலுங்கியது. கோவிந்தன் எனக்கு இன்னொரு டீ கொடுத்தார். அதில் ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார். அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஏலக்காய் டீயை அதற்கப்புறம் நான் தொட்டதில்லை.

பச்சையம்மாவின் கால்

முனுசாமியின் மனைவி பச்சையம்மா மட்டும் அந்தச் சிரிப்பைக் கேட்க அங்கே இல்லை. அவளுக்கு வேலை இருந்தது.

கிட்டே இருந்த விறகெல்லாம் தீர்ந்துபோய், மேலே மேலே ஏறிப் போனவர்களில் அவளும் ஒருத்தி. ஒருநாள் தலைச்சுமையோடு சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகவே சேர்ந்தது. அதன் பிறகு விறகுக்கு அவளுடைய பதினோரு வயது மகள் போக ஆரம்பித்தாள்.

“அவ காலும் இப்படி ஆவணுமா?” என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். “கைக்கு எட்டற எடத்துல மரம் வேணும் வாத்தியாரே. எனக்கு சாமி வேணாம், சாஸ்திரம் வேணாம். ஒடிச்சா வளர்ற மரம் வேணும்.”

அதற்காக அவளே புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை விதைகளைப் பொறுக்கி வந்து, உடைந்த பானைகளில் கொல்லையில் முளைக்க வைத்தாள். வடக்குச் சரிவில், சுனைக்குக் கொஞ்சம் மேலே ஒரு பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக அங்கே நட்டார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். பெரிய மனசால் அல்ல. பள்ளிக்கூடத்தில் மரம் நட்டதாக மேலே எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். தலையில் வேறு எதுவும் இல்லாததால் இருக்கலாம்.

நூற்றுப் பதினேழு கன்றுகள். வெயில் காலம் பிறந்ததும் சுனையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினோம். நான் தூக்கிய குடத்தில் பாதி என் முதுகில்தான் வழியும்.

“கன்னுக்கு ஊத்துங்க வாத்தியாரே” என்பாள் பச்சையம்மா. “நீங்க இனிமே வளர மாட்டீங்க.”

புல்லுக்குத் தீ வைக்கிறவர்களை நான் ஒருநாள் திட்டியபோது அவள் என்னை நிறுத்தினாள். “நானும் வச்சவதான். அப்ப எனக்குக் காலு நல்லா இருந்துச்சு. புத்திதான் கம்மி.”

குவிந்த கைகளும் கட்டிய கைகளும்

அன்றைக்கு யார் தீ வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. புகையைப் பார்த்ததும் முனுசாமி பள்ளிக்கூடத்து மணியைப் பாதியில் விட்டுவிட்டு மலைக்கு ஓடினார். நான் ஆள் கூட்டி வருகிறேன் என்று ஊருக்குள் ஓடினேன். ஊர் கும்பிட்டது. சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஃபேனுக்கு நேர் கீழே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“எந்தப் பக்கம் எரியுது?”

“வடக்குப் பக்கம் சார்.”

“சுனைக்கு மேலயா, கீழயா?”

“மேல.”

“மேலன்னா அது எங்களுது இல்லீங்களே.”

“யாருது சார்?”

“அதத்தான் ரொம்ப நாளா கேட்டு எழுதிக்கினு இருக்கோம். நீங்களும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரிடமே பேனா வாங்கி, ‘ஐயா’ என்று ஆரம்பித்து, பிழையில்லாமல் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மலை எரிந்துகொண்டிருக்கிறது, நான் இடதுபக்கம் ஓரம் விட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் எனக்கு வந்த கோபம் ஜாஸ்தி.

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு மிதித்தேன். தீயை அடிக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் கொளுத்துகிற புல் அவர்களுடைய கூரைப் பக்கம் திரும்பினால் ஈரச் சாக்கால் அடித்து அரை மணியில் அணைத்துவிடுவார்கள். அவர்கள் போதும். ஊரும் வேண்டாம், மனுவும் வேண்டாம்.

டீக்கடை முன்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். மலையைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு.

“ஏன்யா நிக்கறீங்க? பச்சையம்மா வச்ச கன்னுங்கய்யா! வாங்கய்யா!”

கோவிந்தன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி கள்ளம் இல்லை.

“நீங்கதானே சார் சொன்னீங்க. புகை வந்தா கிட்ட போவாதீங்கன்னு.”

“யோவ், அது தமாஷுக்குச் சொன்னதுய்யா!”

“புல்லுப் புகைன்னா மெல்லிசா போவும் சார். இது குபுகுபுன்னு வருது. நீங்க சொன்ன மாதிரியே.”

பச்சைக் கன்று எரிந்தால் புகை அப்படித்தான் வரும்.

“பசங்களுக்குப் பரீச்சையில வேற கேட்டிருக்கீங்க” என்றார் கோவிந்தன். “அதுவும் தமாஷா சார்?”

செங்கத்தில் பெண் கொடுத்தவர் முன்னால் வந்தார். “நான் அன்னிக்கே கடுதாசி போட்டுட்டேன் சார்.”

நான் தனியாக மேலே ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முனுசாமி ஒரு பாறை மேல் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். பள்ளம் முழுக்கக் கறுப்பு. நட்ட இடத்தில் எல்லாம் விரல் நீளத்துக்குக் கரிக்குச்சிகள். பச்சையம்மாவின் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் ஒரு குச்சியின் அடியில் ஊற்றினாள். சுர்ரென்று சத்தம் வந்தது.

“அவங்க ஏன் வரல?” என்று கேட்டாள்.

சொன்னேன். டீக்கடை, மாமனார், டமார், எல்லாம் சொன்னேன். அதே வார்த்தைகள்தான். அங்கே ஒன்றும் சிரிப்பாக இல்லை.

அவள் கத்தவில்லை. “புல்லப் போய் எரிச்சுட்டானுங்க” என்றாள். “உங்க வாய எரிச்சிருக்கணும் வாத்தியாரே.”

சுத்தியலோடு வந்தவர்

இதோடு என் மானம் முழுதாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் வாங்கிப் போக ஒருவர் வந்தார்.

கல்லைப் பற்றிப் படித்தவர். கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு சத்திரத்தில் தங்கியிருந்தார். நான் வலியப் போய், “எங்க எரிமலை எப்ப சார் செத்துது?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“எரிமலையா? யாரு சார் சொன்னது? இது பூமிக்கு அடியில, ரொம்ப ஆழத்துல, சூட்டுல இறுகின பாறை. மேல மூடியிருந்ததெல்லாம் கரைஞ்சுபோய் இப்ப வெளிய தெரியுது. அவ்வளவுதான். இது வாயைத் தொறந்து ஒரு சொட்டு துப்பினதுக்கு அடையாளமே இல்ல.”

மலைக்கு வாயே இல்லை. இத்தனை வருஷமும் எனக்குத்தான் இருந்திருக்கிறது.

நேராக அடி அண்ணாமலைக்குப் போனேன். டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். “எல்லாரும் கேளுங்க. நான் சொன்னது பொய்யி. இது எரிமலையே இல்ல. இது வெறும் பாறை. வெடிக்காது. எப்பவும் வெடிக்காது.”

கடையே சிரித்தது. போன தடவையைவிடப் பெரிய சிரிப்பு.

“இன்னிக்கு சார் வேற மாதிரி ஆரம்பிக்கறாரு!” என்றார் கோவிந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அப்புறம் சார்? மாமனார் எழுந்துட்டாரா?”

குதித்தவன்

பச்சையம்மா மறுபடியும் நட்டாள். நான் மறுபடியும் தண்ணீர் தூக்கினேன், இந்தத் தடவை யாருக்கும் எழுதி அனுப்பாமல். அவள் என்னோடு பேசவில்லை. குடத்தை மட்டும் நீட்டுவாள்.

அடுத்த கோடையில் ஒரு விடுமுறை நாள் காலை. நாங்கள் அடிவாரத்தில் இருந்தபோதே பள்ளத்துக்குக் கீழே புகை கிளம்பியது. அடி அண்ணாமலைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அடிவாரத்தோடு நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள்.

பச்சையம்மா நனைத்த சாக்கு ஒன்றை என் தோளில் போட்டாள். ஒரு வருஷம் கழித்து என்னிடம் பேசினாள்.

“நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. போய் நின்னாத்தான் நம்புவாங்க. ஏறுங்க.”

“நானா?”

“வெடிச்சா மொதல்ல நீங்கதானே வெடிக்கணும்?”

ஏறினேன். வீரம் எதுவும் இல்லை. அவளுக்கு முன்னால் நிற்பதைவிடத் தீக்கு முன்னால் நிற்பது எளிதாக இருந்தது. சுத்தியல்காரர் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்ற யோசனை வேறு வந்தது, வெட்கமில்லாமல். புகைக்குள் போய் ஒரு பாறை மேல் நின்றேன். கண் எரிந்தது. கால் சுட்டது. சுட்டதால் குதித்தேன்.

கீழே இருந்து அவள் குரல் வந்தது. “பாருங்கடா! அந்தாளு உசுரோடதான் இருக்கான்! எப்படிக் குதிக்கறான் பாரு! மலை வெடிச்சுதா? சாக்க எடுங்கடா!”

முதலில் வந்தது கோவிந்தன். அவருக்குப் பின்னால் செங்கத்துக்குக் கடுதாசி போட்டவர். அப்புறம் எல்லோரும். வரிசையாக நின்று சாக்கால் அடித்தார்கள். பச்சையம்மா காலை இழுத்து இழுத்துச் சுனைக்கும் தீக்கும் நடந்து, சாக்குகள் மேல் தண்ணீர் தெளித்தாள். கீழ்வரிசைக் கன்றுகள் கருகின. மற்றவை நின்றன. அவை ஒடிக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு, அவள் மகளுக்கு விறகுக்காக அந்தப் பள்ளத்துக்கு மேல் ஏறுகிற வேலை வரவில்லை.

இறங்கும்போது, பாதிப் புருவம் கருகிய கோவிந்தன் என் பக்கத்தில் வந்தார். “ஏன் சார், இத போன வருஷமே குதிச்சிருக்கலாமே?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பெரிய தெருவுக்குப் போனேன். பூக்கடை முன்னால் கூட்டம். ராஜம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வேலூர் ரோட்டுல இருந்து அத்தினி பேரும் பாத்தாங்களாம். சித்தருங்க! பதினெட்டுப் பேரும்! நெருப்புக்குள்ள நடந்துகினு இருந்தாங்களாம். மொட்டைத் தலச் சித்தரு ஒருத்தரு பாறை மேல ஏறி நடனமே ஆடினாராம். இன்னொரு சித்தரு காலு நொண்டி. அவரு கொடத்துல இருந்து தீர்த்தம் தெளிக்கத் தெளிக்க அக்கினி அப்படியே அடங்கிப்போச்சாம்.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நேற்றும் இவர்கள் இங்கே நின்று கும்பிட்டிருக்கிறார்கள். எரிந்தபோதும் கும்பிட்டார்கள், அணைத்தபோதும் கும்பிட்டார்கள்.

“அது தீர்த்தம் இல்ல ராஜம்மா, தண்ணி!” என்று கத்தினேன். “அது சித்தர் இல்ல, எங்க பியூன் பொண்டாட்டி பச்சையம்மா! விறகு பொறுக்கப் போய்க் கால ஒடச்சுக்கினவ! அந்த மொட்டத் தல நான்தான்!”

துணியை அவிழ்த்துக் கையை நீட்டினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ராஜம்மா கையைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எதுல தமாஷ் பண்றதுன்னு ஒரு அளவு வேணாமா வாத்தியாரே? தப்புத் தப்புன்னு கன்னத்துல போட்டுக்குங்க.”

கூட்டம் மொத்தமும் என்னையே பார்த்தது. யாரும் நகரவில்லை.

போட்டுக்கொண்டேன். கொப்புளம் உடைந்த கை. நன்றாக எரிந்தது.